ரீடிங் சரிபார்க்கும் நேரம்

போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அதற்குத்தான் அம்மா அன்று மகனைக் கூப்பிட்டாள். ஆளுக்கு இரண்டு முனை. உதற வேண்டும், இழுக்க வேண்டும், நடந்து வந்து முனைகளை அவள் கையில் சேர்க்க வேண்டும். அவன் எப்போதும் இடது வலது மாற்றிப் பிடிப்பான். போர்வை முறுக்கிக்கொள்ளும்.

"இன்ஜினியருக்குப் படிச்சு என்னடா பிரயோஜனம்? ஒரு போர்வை மடிக்க வரல."

"அது தனி டிகிரிம்மா. அதுல நான் பெயில்."

கைப்பேசியை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்திருந்தான். அலுவலகத்தில் எல்லோரையும் ஒரு குணப் பரிசோதனை எழுதச் சொல்லியிருந்தார்கள். கேள்விகளுக்கு ஆமாம், இல்லை என்று அழுத்திக்கொண்டே போனால், முடிவில் நீங்கள் இன்ன வகை ஆள் என்று ஒரு பட்டமும் ஒரு பக்க விளக்கமும் வரும். அவன் எழுதியாயிற்று, மனைவியும் எழுதியாயிற்று. மிச்சம் அம்மாதான். மடிப்புக்கு ஒரு கேள்வி என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"நாலு பேரோட பேசிட்டிருந்தா உங்களுக்குத் தெம்பு வருமா?"

"இல்ல."

"யோசிச்சு சொல்லும்மா."

"யோசிச்சுதான் சொல்றேன். இழு, உன் பக்கம் தொங்குது."

கடைசிப் போர்வையோடு முடிவும் வந்தது. 'தனிமையில் தெம்பு பெறுபவர்: தொண்ணூற்று மூன்று சதவீதம்.'

சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்த முனை நழுவியது. அம்மா முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்தவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு நடமாடும் சாட்சி. அவளைப் போய் இந்தச் சோதனை ஊமைக்கோட்டானாக்கிவிட்டதே!

"நீ சொன்ன பதில் எல்லாம் தப்பும்மா. நான் போடறேன், இரு."

இரண்டாம் முறை எல்லாக் கேள்விக்கும் அவனே அழுத்தினான். இப்போது 'கூட்டத்தின் விளக்கு' என்று வந்தது. ஹாலுக்குப் போய் உரக்கப் படித்தான். மனைவி கைதட்டினாள்.

"இப்ப சரியாம்மா?"

"நீ சொன்னா சரிதான்." போர்வைகளை அடுக்கினாள். "நாளைக்குக் காலைல ஹார்டுவேர் கடை வரைக்கும் போகணும்."

"என்ன வேணும் சொல்லு, நான் வாங்கிட்டு வரேன்."

"சின்னச் சாமான்தாண்டா. நானே போயிட்டு வரேன்."

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து, தண்ணீர்த் துறையில் ஓய்வு பெற்றவர்களின் சங்கத்திலிருந்து கேட்டார்கள். அவர்களுடைய மாத இதழில் போட அம்மாவைப் பற்றி அரைப் பக்கம் வேண்டும். அவனுக்கு எழுத்து வராது, அறிக்கைதான் வரும். ஆனாலும் இதில் ஒரு வரிகூடப் பிசகக் கூடாது என்று நான்கு நாள் உட்கார்ந்தான். அம்மாவைப் பற்றி அச்சில் வரப்போவது இதுதான் முதலும் கடைசியும். 'கூட்டம்தான் என் தாயின் உயிர்மூச்சு. தனிமை என்பதை அவர் அறிந்ததில்லை' என்று ஆரம்பித்தான்.

வாங்கிப்போக வந்தது கொக்கி அத்தை. அம்மாவோடு வேலை பார்த்தவள். மீட்டர் குழியின் மூடியைத் தூக்கும் இரும்புக் கொக்கியைத் தினமும் ஏதாவது ஒரு வாசலில் மறந்துவிட்டு, அம்மாவிடம் வந்து இரவல் கேட்பாள். அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அத்தை முதல் வரியைப் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தாண்டா இருக்கு. யாரைப் பத்தி எழுதியிருக்க?"

"என்ன அத்தை இப்படிக் கேக்கறீங்க?"

"மதியம் உங்கம்மா எங்க சாப்பிடுவா தெரியுமா? பம்ப் ஹவுஸ் பின்னாடி, படிக்கட்டுல, தனியா. புதுசுல நானும் டப்பாவைத் தூக்கிட்டுப் போனேன். 'கோவிச்சுக்காதடி, சாயங்காலம் வரைக்கும் பேசணும், இப்பக் கொஞ்சம் வாயை மூடிட்டு இருக்கேன்'னா. எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு நாள் கொக்கி கேக்கவே போகல."

"அம்மாவுக்கு ஆளுங்கள பிடிக்காதா?"

"பிடிக்கும்டா. பிடிக்காதுன்னு யாரு சொன்னா? டேங்க்கைத் திறந்துவிட்டா தெருவுக்கே தண்ணி போகும். அது நிரம்பவும் நேரம் வேணும்ல?"

அவன் விட்டுக்கொடுக்கவில்லை. "வீட்டுல அவங்க ஓய்வா உக்காந்து நான் பாத்ததே இல்ல அத்தை. வேலை முடிஞ்சு வந்தும் அரை மணி நேரம் உள்ரூம்ல ரீடிங் சரிபார்ப்பாங்க, தினமும்."

"எந்த ரீடிங்?"

"மீட்டர் புத்தகம்."

அத்தை அவனையே பார்த்தாள். "புத்தகத்தை அஞ்சு மணிக்கே ஆபீஸ் கவுன்ட்டர்ல ஒப்படைச்சுக் கையெழுத்துப் போடணும்டா. ஒருத்தரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது."

அவனுக்குப் பழைய வீடு நினைவுக்கு வந்தது. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றுவாள். முகம் கழுவுவாள். உள்ளறைக்குள் போவாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் 'டக்'கென்று கேட்கும். அவன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்ல வாயெல்லாம் பல்லாக நிற்பான். அப்பா அவன் தோளைப் பிடித்துத் திருப்புவார். "உஷ்! அம்மா ரீடிங் சரிபார்க்கிறா." அரை மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். வேறு அம்மா வருவாள். "வாடா, இப்பச் சொல்லு" என்பாள். எத்தனை நீளக் கதையானாலும் கேட்பாள்.

விடுமுறையில் ஒருநாள் அவளோடு ரீடிங் எடுக்கப் போயிருக்கிறான். வாசலுக்கு வாசல் "மீட்டரம்மா வாங்க" என்ற குரல். மூடியைத் தூக்கிக் குனிந்து, துணியால் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைக் கட்டத்துக்கு ஒன்றாக எழுதுவாள். ஒரு வீட்டுக்காரர், மீட்டர் பொய் சொல்லுது என்று குதித்தார். அம்மா சிரித்தாள். "மீட்டருக்கு என் மேல பாசமும் இல்ல, உங்க மேல பகையும் இல்லைங்க. அது பாட்டுக்குக் காட்டுது." அந்த வீட்டுக்காரரே சிரித்துவிட்டார். திரும்பும் வழியில் அம்மா ஒன்றும் பேசவில்லை. அவன் விரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயில் என்று நினைத்தான்.

அவன் வேலையும் அளவுக் கருவிகளோடுதான். அழுத்தமானி, வெப்பமானி, தராசு எல்லாம் சரிபார்ப்புக்கு அவன் மேஜைக்கு வரும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவன் சொல்லும் முதல் பாடம்: காட்டிய எண் பிடிக்கவில்லை என்று கருவியைத் திருகாதே, முதல் ரீடிங்கை அழிக்காதே. கைப்பேசியைத் திறந்து பார்த்தான். இரண்டாம் முறை எழுதியதும் முதல் முடிவு போய்விட்டிருந்தது. 'கூட்டத்தின் விளக்கு' மட்டும் இருந்தது.

அப்பா போன பிறகு அம்மா அவனோடு இருந்தது மூன்று வருஷம். தனியாக இருந்தால் அப்பா நினைப்பில் வாடிவிடுவாள் என்று, காலையில் மாடி வீட்டம்மாவையும் மாலையில் எதிர் வீட்டு டீச்சரையும் துணைக்கு வந்து உட்காரச் சொல்லியிருந்தான். அவர்களும் தவறாமல் வந்தார்கள். அம்மாவும் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். உள்ளே விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று, அவள் வந்த வாரமே அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினான். ஸ்க்ரூ ஓட்டைகளைப் பட்டி பூசி அடைத்து, தேய்த்து, பெயின்ட்டும் அடித்தான். கச்சிதமான வேலை. அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். "அடையாளமே தெரியலடா" என்றாள்.

அத்தை எழுந்தாள். "முதல் வரியை மட்டும் மாத்திக் குடு. போட்டோ ஒண்ணு வேணும். அவ பர்ஸ்ல அடையாள அட்டை போட்டோ வெச்சிருப்பா, பாரு."

அவன் அறைக்குப் போனான். கதவுக்குப் பின்னால் அம்மாவின் துணிப்பை தொங்கியது. அதற்குள் பர்ஸ். போட்டோவை இழுத்தபோது அதோடு மடித்த சீட்டு ஒன்று வந்தது. மீட்டர் புத்தகத்தின் அதே கையெழுத்து. எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், கட்டம் இல்லாமலே கட்டத்துக்குள் நின்றன.

'உள்தாழ்ப்பாள் 1. நீளம் 4 இன்ச். ஸ்க்ரூ 4. போடும்போது சத்தம் வராத ரகம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.'