என் இடது கிட்னியும் முருகன் போட்ட சோறும்

அன்பர்களே, பஜனையில் தாளம் தப்புகிறவன் என்றுதான் என்னை உங்களுக்குத் தெரியும். உயிர் தப்பினவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், ஆடி மாதம். மாதுங்காவிலிருந்து கோட்டைக்கு ரயிலில் நின்றுகொண்டே ஆபீஸ் போகும் ஒல்லிக் குமாஸ்தா நான். ஒருநாள் காலை சிறுநீர் ரத்தமாகப் போயிற்று. இடது விலாவுக்குக் கீழே வலி. பீட்ரூட் தின்றதுதான் என்று மனைவி கோமதியிடம் சமாளித்தேன். பீட்ரூட் வாங்கி மூன்று வாரமாயிற்று என்றாள்.

பயந்தால் விரதம் எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். செவ்வாய்க்கிழமை முருகனுக்காகப் பட்டினி இருந்தேன். ரத்தம் நிற்கவில்லை. வெள்ளியையும் சேர்த்தேன். அப்புறம் சஷ்டி, கிருத்திகை. நான் மெலிய மெலிய வலி கூடிற்று. வலி கூடக் கூட விரதத்தைக் கூட்டினேன். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று ஆபீஸில் கேலி செய்தார்கள். பக்தி முற்றிவிட்டதென்று எனக்குப் பெருமை வேறு.

கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எக்ஸ்ரேயில் கல் இல்லை. ரத்தம் இடது கிட்னியிலிருந்து வருவது மட்டும் தெரிந்தது. காரணம் புரியாததால் அதை எடுத்துவிடுவதென்று முடிவாயிற்று. எனக்கு இரண்டு சின்னப் பெண்கள். ஆபரேஷன் மேஜையில் படுத்தபோது ஒரு ஹாஸ்யமும் வரவில்லை. "முருகா, நான் இன்னும் எதை விடணும், நீயே சொல்லு" என்று அழுதேன். அதற்குள் மயக்கம் வந்துவிட்டது.

கண் விழித்தேன். கிட்னி உள்ளேயே இருந்தது.

சர்ஜன் ஒரு பார்ஸிக்காரர். கிட்னியில் கோளாறே இல்லையாம். அதிலிருந்து ரத்தம் திரும்பிப் போகும் குழாய், இரண்டு பெரிய ரத்தக் குழாய்களுக்கு நடுவே நசுங்கி, கிட்னிப் பக்கம் வீங்கிக் கிடந்ததாம். அவர் அனுபவத்தில் இப்படிப் பார்த்ததே இல்லையாம். வெட்ட மனம் வராமல் தைத்துவிட்டாராம். நடுவில் மெத்தை மாதிரி இருக்க வேண்டிய கொழுப்பு உன்னிடம் துளியும் இல்லையே, பட்டினி கிடப்பாயா என்று கேட்டார். சில வாரம் நாலு நாள்கூட என்றேன், தலை நிமிர்ந்து.

"அரே பாபா, கானா காவோ" என்றார். சாப்பிடப்பா, அதுதான் மருந்து என்று அர்த்தம்.

விரதத்தை விட்டால் சாமி குற்றம் ஆகுமே என்று தயங்கினேன். மேஜையில் வேண்டிக்கொண்டதைக் கோமதியிடம் சொல்லியிருந்தேன். தயிர்சாதத்தை நீட்டினாள்.

"ஏன்னா, எதை விடணும்னு நீங்கதானே கேட்டேள்? பட்டினியை விடுன்னு ஹிந்தியிலே சொல்லியாச்சு. மயில் மேலே வந்து ஊட்டி வேற விடணுமா?"

முதல் கவளத்தை அழுதுகொண்டே விழுங்கினேன். அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். ஆனாலும் எங்கள் கட்டிடத்தில் வீட்டுக்கு வீடு முறை வைத்து நெய்யும் பருப்புமாகக் கொண்டுவந்தார்கள். மாசியில் வலி போயிற்று. பங்குனியில் சிறுநீர்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த சர்ஜன், அதைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். தண்ணீராகத் தெளிந்திருந்தது. வேல் வேல் என்று நான் கத்தியதில் நர்ஸம்மா ஓடி வந்தாள்.

இப்போது செவ்வாய்தோறும் நானும் கோமதியும் அந்த வார்டுக்குச் சாதம் கட்டிக்கொண்டு போகிறோம். தனியாகக் கிடப்பவர்களோடு உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன். அதுவே என் வேண்டுதல்.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் தைரியமாக அவனிடம் கேளுங்கள். கேட்ட பிறகு, என்னைப் போல நீங்களே பதிலையும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அவன் சொல்வான். யார் வாயால் சொன்னாலும் நம்பிக் கேளுங்கள்.