மத்தியானத்தில் வந்த அழைப்பு

“...நனைஞ்ச போன அரிசியில போடணும்னு எனக்கு யாரு சொன்னா? கைக்கு எட்டுனது கேப்பை டின்னு. அதுலதான் பொதைச்சி வெச்சேன்,” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் போனைக் கண்ணாடி மேசைமேல் தட்டத் தட்ட, சார்ஜர் குத்தும் ஓட்டையிலிருந்து கேப்பை ஒன்றிரண்டாக உதிர்ந்தது.

“இன்னும் ரெண்டு தட்டு தட்டுனா கூழு காச்சிடலாம் போலருக்கேம்மா,” என்றார் அவர்.

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா பெருமுக்கல்லில் தனியாக இருக்கிறாள். மாமா இறந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நிலத்தை அவளேதான் பார்த்துக்கொள்கிறாள். நான் விழுப்புரத்தில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: “எனக்கு இன்னா கொறை? வெயில்ல காஞ்ச மல்லாட்டை மாதிரி கலகலன்னு இருக்கேன்.” எதற்கும் அவளிடம் இப்படி, காய்ந்த நிலக்கடலைபோல் கலகலக்கிற ஒரு சொல் இருக்கும். அதைக் கேட்பதற்கென்றே தினமும் கூப்பிடுவேன்.

போன மாசம் மோட்டார் தொட்டியில் குனிந்து முகம் கழுவும்போது, இடுப்பில் செருகியிருந்த போன் உள்ளே விழுந்துவிட்டது. தொட்டியின் அடியில் கிடந்தும் வெளிச்சம் அணையவில்லையாம். “தண்ணிக்குள்ளேர்ந்து யாரோ கண்ணு முழிச்சிப் பாக்கற மாதிரி இருந்துச்சிடி,” என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சொன்னாள். எடுத்துக் கேப்பை டின்னுக்குள் புதைத்து வைத்திருப்பதையும் சொன்னாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் நம்பரிலிருந்தே அழைப்பு வந்தது. “சரியாயிடுச்சாக்கா?” என்றேன். பதில் இல்லை. சரசரவென்று ஏதோ சரிகிற சத்தம் மட்டும். மணலா, மழையா என்று யோசித்தேன். கேப்பை டின் ஞாபகம் வந்ததும் மண்ணுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. சட்டென்று வைத்துவிட்டேன்.

அப்புறம் அக்கா அதை வெளியே எடுத்து, ஆனவரை ஆகட்டும் என்று சமையல்கட்டு ஜன்னலில் சார்ஜரில் போட்டு வைத்தாள். அவள் விரல் பட்டால் அசையாத போன், யாரும் தொடாமலே மத்தியானம் மத்தியானம் என்னைக் கூப்பிட்டது. இப்போது அக்காவின் குரலும் கேட்டது.

“இன்னாங்க, கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ஆங், நேத்து வெச்சதுதான். நாக்கு மட்டும் நல்லா கண்டுபுடிச்சிடும்.” அப்புறம் ஒரு சிரிப்பு. எதிரில் ஒருவர் ஏதாவது சொன்னால்தான் அப்படிச் சிரிப்பு வரும்.

என்னை உறைய வைத்தது அந்த இடைவெளிகள்தான். ஒருவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, சரியாக அவ்வளவு நேரம் அவள் காத்திருந்தாள். நான் தைக்கிற துணியை அப்படியே விட்டுவிட்டு, மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் புத்தி தடுமாறுகிறது, இனி அவளை அங்கே தனியாக விடக்கூடாது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு விழுப்புரத்துக்கே கூட்டி வந்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். ஆனாலும் அடுத்த நாள் மத்தியானம் போன் வந்தபோது மறுபடியும் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். வீடு எப்போதும்போல் துப்புரவாக இருந்தது.

“மத்தியானத்துல யாராவது வந்துக்கினு போய்க்கினு இருக்காங்களாக்கா?”

“யாரு வர்றா? நானும் இந்த நாலு செவுரும்தான்.”

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலில் இருந்த போன் வெளிச்சம் போட்டது. தொட ஒரு கை இல்லாமலே திரையில் பெயர்கள் மேலும் கீழும் ஓடின. என் பைக்குள் என் போன் அடித்தது. இரண்டு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இது உன்னியவா கூப்புடுது? முன்னாடியும் வந்துச்சா?”

“இல்லக்கா, இப்பதான் மொத தடவ,” என்று பொய் சொன்னேன்.

மறுநாளே திண்டிவனத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். அவளுக்குப் போன் வேண்டும் என்பதைவிட, எனக்கு இனி அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்பதுதான் காரணம்.

கடைக்காரர் சிம்மைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போனின் ஓரங்களை எதிலோ தோய்த்த பஞ்சால் துடைத்தார். திரை அவர் விரலுக்குப் படிந்தது. “உள்ள ஈரம் நின்னு போயிருக்கும்மா. வெயிலு படறப்ப டச்சு பேஜாரு பண்ணும், தானா நம்பர் போடும். மேல இருக்கற நம்பருக்கே தெனமும் போயிருக்கு பாருங்க.” திரையைத் தள்ளிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “ஆனா அந்தப் பக்கம் எடுத்திருக்காங்களே? இது பதினெட்டு நிமிஷம். இது இருபத்தாறு.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒட்டுக்கேட்டாயா என்று திட்டுவாள், நடுக்கடையில் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“நான் பேசுனத வுட்ரு. அவரு பேசுனது உனக்குக் கேட்டுச்சாடி?”

அந்த இருபத்தாறு நிமிஷத்தில் ஒரே ஒரு முறை, “உப்பு சரியா இருக்கா” என்று அவள் கேட்ட பிறகு, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒன்று கேட்டது. மாமா சோற்றில் கை வைக்கும் முன் செருமுவார். லைன் கோளாறு என்று அன்றைக்கே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை என்று சொன்னால் அக்கா அந்த வீட்டில் முழுத் தனியாள். ஆமாம் என்றால் நான் எந்தத் தைரியத்தில் அவளை அங்கே விட்டுவிட்டு வருவேன்?

“செருமுன மாதிரி இருந்துச்சிக்கா,” என்றேன். “ஒரே ஒரு தடவ.”

கடைக்காரருக்கு எங்கள் பேச்சு எதுவும் புரிந்திருக்காது. சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். “டிஸ்ப்ளே மாத்திட்டா போதும்மா. இனிமே தானா யாருக்கும் போவாது.”

அக்கா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். சிம் இன்னும் மேசைமேல்தான் கிடந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பேசாமல் இருக்கச் சொல்லி இன்னொரு கையைத் தூக்கினாள்.