தாழ்ப்பாள் கழற்றிய வீடு

நான் கம்யூனில் சேர்ந்தது உட்காருவதற்காக. கொள்கையெல்லாம் அப்புறம்தான் வந்தது.

அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் சேல்ஸ் கேர்ளாக இருந்தேன். கடை திறந்தது முதல் மூடும்வரை நிற்க வேண்டும். கூட்டம் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும், அதுவும் சிரித்த முகமாக. ஒருநாள் சேலை பார்க்க வந்த ஒரு அக்கா, நான் விரித்துப் போட்ட சேலையை விட்டுவிட்டு என் காலையே பார்த்தார். "இன்னாமா இது, கால் இப்படி வீங்கியிருக்குது. உக்காருமா" என்றார். சூப்பர்வைசர் முறைத்தார். அந்த அக்கா சேலை எடுக்காமலே கிளம்பினார். போகும்போது, தென்னேரி ஏரிக்கரைப் பக்கம் ஏழு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் வாழ்கிறோம், எல்லாம் எல்லாருக்கும் பொது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்றார்.

போய்ப் பார்த்தேன். கூடத்தில் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். நானும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை ஒருத்தர்கூட என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அடுத்த மாதமே துணி மூட்டையோடு அங்கே போய்விட்டேன்.

அம்மா தறியில் உட்கார்ந்தபடியே என்னைத் திட்டித் தீர்த்தார். "ஏண்டி, எட்டுப் பேருக்குச் சோறாக்கி எட்டுப் பேரு துணி தொவைக்கிறதுக்கு அங்க ஏன் போற? ஒரு கூட்டுக் குடும்பமா பாத்து உன்னக் கட்டிக் குடுத்திருப்பேனே!"

"அங்க ஆம்பளைங்களும் சமைக்கிறாங்கம்மா."

"பாவு நூலே ஏத்தாத தறில ஊடை நூல ஓட்டுறானுங்க. நீயும் போய் ஓட்டு."

அம்மா சொன்னதில் பாதி உண்மை என்பது சாப்பாட்டில் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லா வேலையும் முறை வைத்துத்தான். சென்னையில் இருந்து வந்த ஐ.டி. தம்பி ஒருவன் பகலெல்லாம் லேப்டாப்பில் அமெரிக்கக் கம்பெனிக்கு உழைப்பான், சாயங்காலம் முதலாளித்துவத்தை ஒழிப்பான். அவன் முறை வரும் நாளில் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். எந்த முடிவானாலும் எட்டுக் கையும் உயர வேண்டும் என்பது சட்டம். ஒரு கை கீழே இருந்தாலும் தீர்மானம் செத்தது. பூனை வளர்க்கலாமா என்று பேச ஆரம்பித்த கூட்டம் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. அதற்குள் அந்தப் பூனை வேறு வீடு பார்த்துக்கொண்டது.

வீட்டை ஆரம்பித்தவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். தங்கமான மனிதர், வாயைத் திறக்காதவரை. தனிச்சொத்து பிறந்ததே தாழ்ப்பாளில்தான் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். எட்டுக் கையும் உயர்ந்தது. என் கையும்தான். ஸ்குரூ டிரைவரும் கையுமாக வீடு முழுக்கத் திரிந்து எல்லாக் கதவின் தாழ்ப்பாளையும் கழற்றினோம். வாசல் கதவுக்கு மட்டும் விலக்கு, வெளியே முதலாளித்துவம் நடமாடுகிறதே! கழற்றியதைக் காயலான் கடையில் போட்டு, பக்கோடா வாங்கித் தின்றோம்.

கடைசித் துண்டு பக்கோடாவைத் தின்னும்போதுதான் குளியலறை ஞாபகம் வந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். உள்ளே இருப்பவர் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது, கேட்காவிட்டால் காலி. ஐ.டி. தம்பி குத்துப்பாட்டு, அக்கா ஒப்பாரி, பேராசிரியர் ஊர்வலத்தில் போடும் கோஷம். பல் விளக்கும்போதும் பாட வேண்டும் என்பதுதான் கொடுமை.

இதற்கிடையில் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். ஒரு தடவையாவது பார், பிடிக்காவிட்டால் சொல் என்று அழுதார். சரி, ஆனால் அவர்கள் என்னைப் பார்க்க நான் வாழும் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்றேன். அதைக் கேட்டதுமே ஓடிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஓடவில்லை. வாலாஜாபாத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த மாப்பிள்ளை, தன் அம்மாவோடு வந்து இறங்கினார். என் அம்மா ஆட்டோவில் பூவும் பழமுமாக வந்து சேர்ந்தார்.

அன்று சமையல் முறை ஐ.டி. தம்பியுடையது. கருகிய பஜ்ஜியைக் கொண்டுவந்து நடுக் கூடத்தில் வைத்தான். பேராசிரியர் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "கடை வச்சிருக்கீங்களா? அப்ப நீங்க குட்டி முதலாளி" என்றார்.

"ஆமா சார், கடை குட்டிதான்" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். அந்தப் பஜ்ஜியை இரண்டாவது முறை எடுத்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கல்யாணம் ஆனாலும் நான் இங்கேதான் இருப்பேன் என்று அவரிடம் சொன்னேன். அதற்காக ஒரு வாரமாக மனப்பாடம் செய்த பேச்சு என்னிடம் இருந்தது. பெண் விடுதலை முதல் உபரி மதிப்புவரை எல்லாம் அதில் உண்டு. அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. "வாலாஜாபாத் இங்கதானே இருக்குது. காலைல பைக்ல கடைக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்துடுறேன்" என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் பிடித்துப் போய்விட்டது. பட்டென்று, அந்த இடத்திலேயே பிடித்துப் போய்விட்டது.

அந்த மயக்கத்தில்தான் அவர் அம்மா எழுந்து குளியலறைப் பக்கம் போனதை நான் கவனிக்கவில்லை. பாட வேண்டும் என்று யாருமே அவரிடம் சொல்லவில்லை. பேராசிரியர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சட்டப்படி கதவருகே நின்று காது கொடுத்துக் கேட்டார். பாட்டு இல்லை. தள்ளினார்.

ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோகும்படி ஒரு அலறல் கேட்டது. முதலில் பிளாஸ்டிக் மக் வெளியே வந்தது, பின்னால் பேராசிரியர், அவர் பின்னால் வாளி. மாப்பிள்ளையின் அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து மகன் கையைப் பிடித்து இழுத்தார். "வெக்கங்கெட்ட வூடு! வாடா போலாம்!" பைக் கிளம்பியது. மாப்பிள்ளை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் அம்மா கொண்டுவந்த பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

நடந்த தவறு தனிமனிதருடையதா, அமைப்பினுடையதா என்று அன்று சாயங்காலமே பேராசிரியர் கூட்டம் போட்டார். "உங்க அமைப்புல தீய வைக்க! எனக்கு அந்த ஆளு வேணும்" என்று கத்திவிட்டு, அழுதுகொண்டே எழுந்து ரூமுக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். அது தானாகத் திறந்துகொண்டது. அந்த வீட்டில் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு அழக்கூட முடியாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் அவர் தனியாக வந்தார், கையில் ட்ரில்லிங் மிஷினோடு. எனக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவில் ஓட்டை போட ஆரம்பித்தார். பேராசிரியர் பதறி ஓடிவந்தார்.

"தோழர், இது பொதுச் சொத்து. கூட்டத்துல வைக்காம எதுவும் பண்ணக் கூடாது."

"வைங்க சார். நீங்க கூடிப் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் தாப்பாவ மாட்டிட்டுப் போயிடுறேன்."

மாட்டிவிட்டு, இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லிப் பாக்குறேன். சத்தியமா தெரியல, கோவமாத்தான் இருக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கூடியது. தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும் என்பது தீர்மானம். கழற்ற வேண்டுமானாலும் எட்டுக் கை வேண்டும் அல்லவா! பேராசிரியர் கை முதலில் உயர்ந்தது. ஐ.டி. தம்பி போனை நோண்டினான். அக்கா மின்விசிறியைப் பார்த்தார். நான் என் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டேன். பேராசிரியர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையை மெதுவாகக் கீழே இறக்கினார். எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கோஷம் இல்லை, ஒன்றும் இல்லை. வெகுநேரம் அமைதியாகக் குளித்தார் அந்த மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக் சத்தம் கேட்டது. பின்னால் அவருடைய அம்மா. உள்ளே வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினார். ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே எழுந்து குளியலறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். திறந்தார், மறுபடி போட்டார். நாங்கள் எல்லோரும் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம்.

உள்ளேயிருந்து பாட்டுக் கேட்டது. ஆடி மாதம் அம்மன் கோயில் ஸ்பீக்கரில் கேட்கும் பாட்டு, சுதி சேராமல், தெருவுக்கே கேட்கும்படி.

வெளியே வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "தாப்பா இருந்தாலும் உங்கள நம்ப முடியாதுபா" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பையன் எல்லாம் சொன்னான். இங்க டீ போடுறதுக்குக்கூட முறை இருக்குதாமே. இன்னைக்கு யாரு முறைமா?"

அன்றைக்குப் பேராசிரியர் முறை. அவர் ஏற்கெனவே அடுப்படியில் நின்று இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார்.