முதல் வரியில் ஒரு சுழி

புதுப் பதிப்பு எது வந்தாலும் எல்லோருக்கும் முந்திப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. அந்தக் கெட்ட பழக்கத்துக்கு மருந்து கிடையாது. நாங்கள் வேலை செய்யும் கணினி மொழியின் அடுத்த பதிப்பை, வெளியிடுவதற்கு முன் கடைசிச் சோதனைக்கென்று விட்டிருந்தார்கள். மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே அறை எடுத்து, கடைகளில் பில் போடுவதற்கான மென்பொருளை நானும் ஒரு பெண்ணும் எழுதிக்கொண்டிருந்தோம். முதலாளி கொழும்பில். அவள் உக்குவளைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சோதனைப் பதிப்பு அவளுடைய லெப்டொப்பில் ஒழுங்காக ஓடியது. என்னுடையதில், நிரலைத் தொகுத்து ஓடவைக்கும் பில்ட் பாதியில் நின்றது. ஏதோ கோப்பைக் காணோம் என்றது. கோப்போ கண்ணெதிரே இருந்தது. முந்தின நாள்தான் அவள் பொது அமைப்புகளில் எதையோ மாற்றியிருந்தாள். பழி போட எனக்கு அது போதும்.

"நான் தொட்டது வேற எடம் அண்ணா," என்றாள்.

"அப்ப உங்க மெஷின்ல மட்டும் எப்படி ஓடுது?" என்று எரிந்து விழுந்தேன். அன்று மாலையே முதலாளிக்குப் போன் போட்டு, இந்தப் பிள்ளை கை வைத்துக் கெடுத்துவிட்டது என்று சொல்லியும் விட்டேன்.

மறுநாள் அவள் வழக்கம்போல் வந்தாள். முகம் வாடியிருந்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். "வாங்க அண்ணா, சேர்ந்து தேடுவோம்," என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். நிரலைத் தொகுக்கிற கம்பைலரை அழித்துத் திரும்பப் போட்டோம். பழைய பதிப்பின் மிச்சங்களைத் துடைத்தோம். ஒன்றும் அசையவில்லை. பொறுமை போய், மொழியை உருவாக்குகிறவர்களின் தளத்தில் உங்கள் பதிப்பே ஓட்டை என்று காட்டமாக எழுதினேன்.

ஒருவர் அமைதியாகப் பதில் போட்டார். என் லெப்டொப்பில் உள்ள அமைப்புக் கோப்பின் தொடக்கத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். முதல் வரியில் இருப்பது என்ன எழுத்து என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். பிள்ளையார் சுழி. எதைத் தொடங்கினாலும் என் கை முதலில் ஒரு 'உ' போடும். பழைய பதிப்பு புரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். புதியது அங்கேயே நின்று, கோப்பையே படிக்க மறுத்து, காணோம் என்றிருக்கிறது. சுழியை அழித்ததும் பில்ட் ஓடியது.

தவறுதலாகக் கை பட்டுவிட்டது என்று பதில் தட்ட ஆரம்பித்தேன்.

"அப்படிப் போடாதீங்க அண்ணா. சாமி எழுத்துன்னே போடுங்க," என்றாள். "நானும் பிஸ்மில்லாஹ் எழுதித்தான் தொடங்குறேன். முன்னால ஒரு ஹேஷ் குறி போட்டா அந்த வரிய அது படிக்காது, அவ்வளவுதான்."

குரலில் குத்தல் இல்லை. எனக்குக் காதுமடல் வரை சுட்டது. நாலு ஏச்சு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் முன்னாலேயே முதலாளியைக் கூப்பிட்டேன். "தப்பு என்னோடது சேர். அந்தப் பிள்ளை ஒண்ணும் செய்யல."

"இப்பவா சொல்றீங்க?" என்றார். "மாசத்தோட நின்னுக்கச் சொல்லி காலையிலேயே அவகிட்ட பேசிட்டேனே. உங்ககிட்ட சொல்லலையா?"

போனைக் காதில் வைத்தபடியே அவளிடம் திரும்பி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா, பிழை என்னோடதுன்னே முடிஞ்சிருக்கும். நீங்க தேடுறத விட்டிருப்பீங்க அண்ணா."

முதலாளி முடிவை மாற்றிக்கொண்டார். ஆனால் அவள் சொன்னது உண்மை. விட்டிருப்பேன்.