கதை இல்லாத படம்

எண்பதுகளில் லண்டனில் ஒரு படமாளிகையில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே காவலுக்கு நின்றவர் யாழ்ப்பாணத்தவர். நரைத்த மீசை, எந்நேரமும் அயர்ன் பண்ணிய சட்டை. பழைய பேசாத படம் ஒன்று ஓடும் பின்னேரங்களில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். படத்தில் ஒரு நகரம் விழிக்கும், டிராம் ஓடும், சனம் வேலைக்குப் போகும். அவர்கள் வீடு திரும்பும் வரை அசையமாட்டார்.

“கதையே இல்லாத படத்தை எத்தினை தரம் அண்ணை பாப்பியள்?” என்று பகிடியாகக் கேட்டேன்.

“இவ்வளவு சனம் போகுது, ஒரு ஆமிக்காரனும் மறிச்சு அடையாள அட்டை கேக்கேல்லை, பாத்தனியே தம்பி? என்ரை மகன் கொழும்பிலை காலமை வேலைக்குப் போனவன். இன்னும் வரேல்லை.”

அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் அந்த மகனுக்காக முருகனுக்கு அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். தகப்பனிடம் அவற்றைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“சுவாமி பேரிலேயே செய்யுங்கோ” என்றேன். எந்தப் பிள்ளை என்று முருகனுக்குத் தெரியாதா?