முன்கூடத்துச் சுவரும் ஒரு ஓட்டையும்

பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் தொழிலில் கட்டடம் நம்மோடு சண்டை போடாது. உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் போடுவார்கள். ஆள் குடியிருக்கும்போதே வீட்டுக்கு வெள்ளையடித்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

நான் கட்டட இன்ஜினியர், ஆம்பூர்க்காரி. வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்துக்கு ஏசி, லிஃப்ட், கம்ப்யூட்டர் ஒயர் எல்லாம் கொண்டுவர வேண்டும். நூறு வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர்களும் நிற்க வேண்டும். சான்றிதழ் பிரிவு இருக்கும் முன்கூடத்தை மட்டும் பலகையடித்து மறைத்துவிடலாம் என்றார் பதிவாளர். எனக்கு மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பிலேயே பூசித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பட்டமளிப்பு விழாவுக்கு முன்னாடி சுவர் வெள்ளையா இருக்கணும்மா. இல்லன்னா பலகைதான்."

புதிய கவுண்டர்

ஏசி குழாய்க்காக முன்கூடத்துச் சுவரில், வராந்தா பக்கம், ஓர் ஓட்டை போட்டோம். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதன் முன்னால் வரிசை நின்றது. உள்ளே இருந்த முனுசாமி மேஸ்திரி, நீட்டிய விண்ணப்பங்களை எல்லாம் வாங்கி, பிரிவின் சூப்பரின்டெண்ட் எஸ்தர் மேடத்தின் மேஜையில் நேராகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கைரேகை.

வரிசையைக் கலைக்கப் போனேன். மகளின் சான்றிதழுக்காக ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் நகரவே இல்லை. "சுவத்துல ஓட்ட இருந்தா அப்ளிகேஷன் வாங்கத்தானே மேடம்? வேற எதுக்கு இடிச்சீங்க?"

கறுத்த சுவர்

பூச்சு கெட்டிப்பட, சுண்ணாம்பில் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்போம். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடங்களுக்குக் கடுக்காய் கொடுப்பவரிடமே வாங்கி, பழைய இரும்பு டிரம்களில் ஊறப்போட்டேன். மேல்பூச்சு முடிந்த மறுநாள் சுவரெல்லாம் மை கொட்டியது போலக் கறுத்திருந்தது. மேலே வெள்ளையடித்துப் பார்த்தோம். கறை மறுபடி எட்டிப் பார்த்தது. பதிவாளர் பலகைக்காரருக்குச் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அதே பிரிவின் கிளார்க், வாணியம்பாடி நசீர் பாய். டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆம்பூரில் பிறந்து, தோல் வாசனையிலேயே பள்ளிக்கூடம் போனவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. "இன்னா மேடம், எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்வாங்களே. கடுக்காத் தண்ணி இரும்பத் தொட்டா கறுத்துப் போய்டும். தோலே தாங்காது, சுவரு தாங்குமா?"

எட்டு நாள் வேர்வை

மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் ஊறிய தண்ணீரோடு மறுபடி பூசினோம். விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. சுண்ணாம்பு மெதுவாகக் காய வேண்டும். காற்று வேகமாகப் பட்டால் வெடிக்கும். ஏசி இன்னும் ஓடவில்லை. ஆகவே எட்டு நாள் ஃபேன் போடக்கூடாது என்று, வேலூர் வெயிலில், ஒரு பிரிவையே கேட்க வேண்டியிருந்தது.

எஸ்தர் மேடம் தன் ஃபேனுக்கு நேர் கீழே இருந்து நாற்காலியை ஓர் அடிகூட நகர்த்த விடாதவர். பயந்துகொண்டேதான் சொன்னேன். என்னை முறைத்தார். பிறகு எழுந்து, தானே சுவிட்சை அணைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்காக இல்ல. பலகை அடிச்சா பின்னால எலி குடித்தனம் பண்ணும். இங்க இருக்கிற சர்டிபிகேட் எல்லாம் என் பொறுப்பு."

பார்வையாளர்கள்

ஒன்பதாம் நாள் பதிவாளர் வந்தார். வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் தடவினார், விரல் நுனியைப் பார்த்துவிட்டுப் போனார். பலகைக்காரர் வரவே இல்லை. அன்றைக்கு இரண்டு டீ சேர்த்துக் குடித்தேன்.

அன்று மாலையே ஒடுகத்தூர்க்காரர் சான்றிதழ் வாங்க வந்தார். வராந்தாவில் சுவரைத் தடவித் தடவித் தேடினார். குழாயைச் சுற்றி அடைத்துவிட்டோம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "சுவரு நல்லாத்தான் கீது மேடம். ஆனா ஓட்ட இருந்தப்பதான் ஆபீஸ்ல வேல நடந்துச்சு."

நூறு வருஷக் கட்டடத்தை அதன் சுவரோடு காப்பாற்றி நவீனமாக்கினேன். அதில் ஜனங்களுக்குப் பிடித்திருந்தது நான் அடைத்துவிட்ட ஓட்டை ஒன்றுதான்.