மாமாவின் ஜெபமும் ஏத்தன் வாழையும்

என் மாமா கடவுளிடம் பேசுகிற சாக்கில் எங்களைத் திட்டுவார். அதுவும் ஞாயிறு தவறாமல், அயர்லாந்திலிருந்து.

அம்மாவின் அண்ணன் அவர். பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டிய தன் விளையில், அதாவது தோட்டத்தில், ஏத்தன் என்கிற நேந்திரன் வாழை போட்டுக்கொண்டிருந்தவர். மாமிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்ததும் பிள்ளைகளோடு அவரும் கிளம்பிவிட்டார். அங்கே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. "ரெண்டே வருஷம். திரும்பி வந்து என் வாழையில நானே குலை வெட்டுவேன்" என்று விளையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ரெண்டு நாலாயிற்று, நாலு ஐந்தாயிற்று. அவர் நட்ட வாழையின் கன்றுக்குக் கன்று வந்து, அதுவும் குலை தள்ளியது. வெட்டியதெல்லாம் நாங்கள்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சாயங்காலம் ஏழரைக்குக் குடும்ப ஜெபம். ஞாயிறென்றால் மாமாவும் வீடியோ காலில் சேர்ந்துகொள்வார். வேதப்புத்தகத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் முழங்காலில் நிற்போம். அங்கே மத்தியானம். கறவைக்கு வந்த மாடுகளுக்கு நடுவே, கம்பளித் தொப்பியோடு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் மாமா உட்கார்ந்திருப்பார்.

சும்மா பேசும்போது அவர் ஒன்று சொன்னால் அம்மா இரண்டு திருப்பிச் சொல்வாள். ஜெபத்தில் யாரும் குறுக்கே பேச முடியாதே! அதை மாமா கண்டுபிடித்த நாள்முதல் எங்களைப் பிடித்தது சனி. "பரலோகப் பிதாவே, கிழக்கோரத்து வாழைக்கு இன்னும் சாம்பல் போடாத என் சகோதரிக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பார். அம்மா லேசுப்பட்டவளா? தன் முறை வந்ததும், "தகப்பனே, எனக்கு நீர் ரெண்டு கைதான் தந்திருக்கிறீர் என்பதை அண்ணனுக்கு ஞாபகப்படுத்தும்" என்பாள். அப்பா நடுவில் தூங்கிவிடுவார். கஞ்சி ஆறும். என் முழங்கால் எரியும். எங்கள் வாழையை விட்டால் கடவுளுக்கு வேறு ஜோலியே கிடையாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் வாழைக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லி வாராவாரம் ஜெபித்தார். குலை தள்ளிய வாழைக்குக் கம்பு ஊன்றாவிட்டால் காற்றுக்கு நிற்காது. அது அம்மாவுக்கும் தெரியும். ஆள் கிடைக்கவில்லை, அவளுக்கோ முதுகு வலி. ஒரு சனிக்கிழமை அடித்த காற்றில் மொத்த விளையும் படுத்துவிட்டது. அம்மா சேற்றில் நின்று அழுதாள்.

"நான் அண்ணன்கிட்ட என்னான்னு சொல்லுவேன்?"

"இப்பம் சொல்லாண்டாம். மச்சான் அங்க கெடந்து சங்கடப்படுவாரு" என்றார் அப்பா.

மறுநாள் போனில் வந்ததும் மாமாவின் முதல் கேள்வியே அதுதான். "காத்து அடிச்சுதாமே, வாழை நிக்குதா பிள்ளே?"

"நிக்குதுண்ணே" என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டு.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையைக் கூப்பிக்கொண்டு ஆரம்பித்தார். "காற்றுக்கும் மழைக்கும் விலக்கி என் வாழையைக் காத்தீரே, ஸ்தோத்திரம்! நான் வந்து குலை வெட்டும் நாள்மட்டும் அதைக் காத்தருளும்."

எப்போதும் முந்திக்கொண்டு ஆமென் சொல்கிற அம்மா வாயைத் திறக்கவில்லை. அண்ணனிடம் பொய் சொல்லியாயிற்று, கடவுளிடம் எப்படிச் சொல்வாள்?

"ஆமென் சொல்லு பிள்ளே" என்றார் மாமா.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா இல்லாத இருமலை இருமினார். இது இப்போதைக்கு முடிகிற காரியமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தது என் முறைதான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இயேசப்பா, வாழை எல்லாம் விழுந்துபோச்சி. எங்கம்மாவுக்கு முதுகு வலிக்கி. மாமாவுக்கு வாழைமேல இம்புட்டு ஆசைன்னா போன்ல வராம நேர்ல வரணும். அடுத்த வாழைக்கு அவங்களே வந்து முட்டுக் குடுக்கணும். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்த வந்து பாதியில் நின்றிருந்தது. திரையில் மாமா கூப்பிய கையோடு, வாய் பாதி திறந்தபடி அப்படியே இருந்தார். இமைகூட அசையவில்லை.

"மாமா ஸ்டக் ஆயாச்சி" என்று போனை எடுத்து உலுக்கினேன். "கட் பண்ணிட்டுத் திரும்ப விளிக்கட்டா?"

"அதுல கை வைக்காத" என்றாள் அம்மா.

அப்போதுதான் கவனித்தேன். மாமாவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு வெள்ளை மாடு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாலைக்கூட ஒரு தடவை வீசியது.

"மாடு அசையுதே, மாமா மட்டும் எப்பிடி ஸ்டக் ஆவாங்க?"

"நெட்டு சரியில்ல மக்களே. நீ போய்க் கஞ்சி குடி" என்றார் அப்பா.

எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. போய்க் குடித்தேன்.